புதுச் சக்கரம் போட்டால் சைக்கிள் பறக்குமா?

காக்கநாடு சாலையில் மிதிக்கும் நம்மவர்களுக்கு ஒரு கணக்கு

கொச்சியின் கிழக்குப் பக்கத்தில் காலை எட்டு மணிக்குச் சாலையில் நின்று பார்த்தால் இரண்டு வகைச் சைக்கிள்களைக் காணலாம். கேரியரும் ஸ்டாண்டும் வைத்த பழைய கருப்புச் சைக்கிள் ஒன்று. கட்டட வேலைக்கும், பட்டறைக்கும், மார்க்கெட்டுக்கும் போகிறவர்கள் அதை ஓட்டுகிறார்கள். கைப்பிடி கீழ்நோக்கி வளைந்து, மெல்லிய டயர் மாட்டிய "ரோடு பைக்" இன்னொன்று. கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர்கள் ஆசைப்பட்டு வாங்கியது. ஓட்டிச் சலித்த பிறகு அவர்கள் விற்கும்போது, நம் ஆபீஸ் குமாஸ்தாக்கள் கைக்கும் அது வந்து சேருகிறது.

வண்டி எதுவானாலும், கொஞ்ச நாள் மிதித்த பிறகு எல்லோருக்கும் ஒரே சந்தேகம் எழுகிறது. "சக்கரத்தை மாற்றினால் வண்டி லேசாக ஓடுமாமே? அலுமினிய ரிம் போட்டால் பாதிப் பாரம் குறையுமாமே?" கடைக்காரரைக் கேட்டால் ஆம் என்பார். போட்டுக்கொண்ட நண்பரைக் கேட்டால், "வண்டி பறக்கிறது" என்பார். ஒரு மாதச் சம்பளத்தில் கணிசமான பகுதியைக் கேட்கும் செலவு இது. ஊருக்கு மணியார்டர் அனுப்பிய காலத்திலும் சரி, போனிலேயே பணம் அனுப்பும் இந்தக் காலத்திலும் சரி, வெளியூர்ச் சம்பளத்தில் ஒவ்வொரு ரூபாய்க்கும் வேறு வேலை காத்திருக்கிறது. ஆகவே சக்கரத்தை மாற்றினால் எது மாறும், எது மாறாது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது.

மேடும் மழையும்

காயலை ஒட்டிய எர்ணாகுளம் நகரம் சமதரை. பாலாரிவட்டத்திலிருந்து செம்புமுக்கு, வாழக்காலா, படமுகள் வழியாகக் கிழக்கே வர வர, தரை மேடும் இறக்கமுமாக மாறுகிறது. ஜில்லா கலெக்டர் அலுவலகம் இருக்கும் காக்கநாடு அந்தச் செம்மண் மேட்டில்தான் இருக்கிறது. 1984-ல் ஏற்றுமதித் தொழிற்பேட்டையும், 2004-ல் இன்ஃபோபார்க்கும் இங்கே வந்த பிறகு, வேலை தேடி வந்த தமிழர்களும் பெருகினார்கள். வாடகை குறைவான இடம் ஓரிடம், வேலை வேறோரிடம் என்பதால் தினமும் 10, 15 கிலோ மீட்டர் மிதிப்பவர்கள் உண்டு. நேரு ஸ்டேடியத்திலிருந்து இன்ஃபோபார்க் வரைக்கும் திட்டமிட்ட மெட்ரோ ரயில் பாதையின் நீளமே 11.2 கிலோ மீட்டர் என்றால், இந்தத் தூரம் எவ்வளவு சாதாரணம் என்பது விளங்கும்.

மழையையும் இத்துடன் சேர்க்க வேண்டும். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 140 சென்டி மீட்டர் மழை பெய்கிறது. கொச்சியில் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், சுமார் 300 சென்டி மீட்டர். ஜூன் தொடக்கத்தில் பிடிக்கும் இடவப்பாதி ஓய்ந்து மூச்சு விடுவதற்குள், ஐப்பசி அடைமழையான துலாவர்ஷம் வந்துவிடும். மேடு ஏற வேண்டும், இறங்க வேண்டும், நனைந்த சாலையில் நிற்க வேண்டும். காக்கநாட்டுச் சைக்கிள் சக்கரத்திற்கு இந்த மூன்றும்தான் பரீட்சை. பந்தய மைதானத்துக் கணக்கு இங்கே பாதிதான் செல்லுபடியாகும்.

பெல்பாஸ்டில் சிரித்தவர்கள்

சைக்கிள் சக்கரத்தை மாற்றி ஓட்டத்தையே மாற்றிய முதல் பெரிய சம்பவம் அயர்லாந்தில் நடந்தது. பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை வைத்தியர் இருந்தார். அந்நாள் சைக்கிள்களில் கெட்டி ரப்பர்தான் டயர். கல் பாவிய தெருவில் ஓட்டினால் எலும்பு குலுங்கும். தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றிப் பார்த்தார் டன்லப். 1888-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவருக்கும் முன்பே, 1840-களில், ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் அது நிலைக்காமல் போயிற்று.

மறு ஆண்டு, 1889-ல், வில்லி ஹ்யூம் என்ற பந்தய வீரர் காற்றடைத்த டயருடன் பெல்பாஸ்ட் பந்தயத்தில் இறங்கினார். பருத்த டயரைக் கண்டு சிரித்தவர்கள், அவர் ஜெயித்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். சில ஆண்டுகளுக்குள் கெட்டி ரப்பர் சைக்கிளிலிருந்து மறைந்தது. ஹ்யூமுக்கு வெற்றி தேடித் தந்தது இலேசான ரிம் அல்ல. தரையைத் தொட்டுக்கொண்டிருந்த டயர். 130 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இந்த உண்மை மாறவில்லை.

அந்த டயருக்கு வேண்டிய ரப்பரோடு நம் எர்ணாகுளம் ஜில்லாவுக்கும் சொந்தம் உண்டு. இந்தியாவில் வியாபார முறையில் முதல் ரப்பர்த் தோட்டம் போடப்பட்டது 1902-ல், பெரியாற்றங்கரையில் உள்ள தட்டேக்காட்டில். இன்று பறவைகள் சரணாலயம் என்று அறியப்படும் ஊர் அதுதான். சைக்கிளின் மற்றப் பாகங்களுக்குச் சென்னை அம்பத்தூரைச் சொல்ல வேண்டும். முருகப்பா குழுமம் பிரிட்டிஷ் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ்தான் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளை நம் தெருக்களுக்குக் கொண்டு வந்தது.

"சுற்றும் பாரம் இரட்டைப் பாரம்"

இலேசான ரிம்முக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதல் வாதம் இது. இதில் உண்மை இருக்கிறது. சைக்கிளின் சட்டத்தில் இருக்கும் ஒரு கிலோ, வண்டியோடு முன்னால் மட்டும் போகிறது. ரிம்மில் இருக்கும் ஒரு கிலோ முன்னாலும் போகிறது, சுற்றவும் செய்கிறது. ஆகவே நின்ற வண்டியைக் கிளப்பும்போது, ரிம்மிலுள்ள ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய இரண்டு கிலோவுக்கான பலத்தைக் கால் தர வேண்டியிருக்கிறது.

ஆனால் அந்த வாதம் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. மேற்கொண்டு கணக்குப் போட்டால் சங்கதி வேறு. ஆள் 70 கிலோ, வண்டி 15 கிலோ, மொத்தம் 85 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோடு பைக்கின் சாதாரணச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு விலை உயர்ந்த ஜோடியைப் போட்டால் சுமார் அரைக் கிலோ குறையும். அது முழுவதும் ரிம்மில் குறைந்ததாகவே வைத்தாலும், கிளம்பும்போது ஒரு கிலோ குறைந்த மாதிரி இருக்கும். 85-ல் 1, நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டும். சிக்னலில் நின்று வேகம் பிடிக்கப் பத்து விநாடி ஆகும் என்றால், மிச்சமாவது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு.

மேட்டில் என்ன ஆகும்? ஒரே சீராக ஏறும்போது "இரட்டைப் பாரம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. வேகம் கூடாதபோது சுற்றும் பாரமும் வெறும் பாரம்தான். 85 கிலோவில் அரைக் கிலோ குறைவதால், ஐந்து நிமிடம் ஏற வேண்டிய மேட்டில் இரண்டு விநாடி கூட மிச்சமாகாது. புறப்படும் முன் ஒரு தண்ணீர் பாட்டிலைக் காலி செய்தாலே இந்த லாபம் கிடைத்துவிடும். அதற்குக் காசு வேண்டியதில்லை.

கருப்புச் சைக்கிளில் லாபம் கொஞ்சம் அதிகம். பழைய 28 அங்குல இரும்பு ரிம் ஒவ்வொன்றும் ஒரு கிலோவை நெருங்கும். அலுமினியம் அதில் பாதி. இரண்டு சக்கரத்திலும் சேர்த்து ஒரு கிலோ குறைந்தால், கிளப்பும்போது இரண்டு கிலோ குறைந்த சுகம் தெரியும். அதைக் கால் உணரும். ஆபீஸ் கடிகாரத்தில் அது தெரியாது.

வேகம் டயரில் இருக்கிறது

சமதரையில் மிதிப்பவனின் பலத்தைத் தின்பவை இரண்டு. ஒன்று, எதிர்க்கும் காற்று. இரண்டு, தரையில் அழுந்தி அழுந்தி எழும் டயர். டயர் தரையைத் தொடும் இடத்தில் நசுங்குகிறது, விலகியதும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. நசுக்கச் செலவான பலம் முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை. ஒரு பகுதி ரப்பரில் சூடாகப் போய்விடுகிறது. தடித்த, விறைத்த, மட்டமான டயரில் இந்த நஷ்டம் அதிகம். மெல்லிய துணியும் நல்ல ரப்பரும் கொண்ட டயரில் குறைவு.

எவ்வளவு குறைவு? அதே 85 கிலோ, மணிக்கு 20 கிலோ மீட்டர் வேகம். நல்ல ரோடு டயர் தின்பது சுமார் 23 வாட். மட்டமான டயர், அல்லது காற்றுக் குறைந்த டயர், 46 வாட் வரை தின்னும். நிமிர்ந்து உட்கார்ந்து அந்த வேகத்தில் போகும்போது காற்றுக்கு மட்டும் 55 வாட் போல ஆகிறது. வேலைக்குப் போகும் சாதாரண மனிதன் நெடுநேரம் தரக்கூடிய பலமே 100 வாட் சுமார்தான். அதில் 23 வாட்டை டயர் வீணாக்கினால், காலுழைப்பில் ஏறக்குறைய கால் பங்கு தெருவிலேயே போய்விட்டது என்று பொருள்.

இதையே நேரமாக மாற்றிப் பார்க்கலாம். மட்டமான டயரில் 20 கிலோ மீட்டர் வேகம் தரும் அதே மிதி, நல்ல டயரில் 22 கிலோ மீட்டர் தரும். 10 கிலோ மீட்டருக்கு 30 நிமிடம் ஆனது 27 நிமிடமாகும். மூன்று நிமிடம்தானா என்று கேட்கலாம். அரைக் கிலோ இலேசான ரிம்மில் கிடைத்த இரண்டு விநாடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டயர் ஜோடியின் விலையோ, சக்கர ஜோடியின் விலையில் சிறு பங்குதான்.

காற்றடிப்பதற்கு அந்தச் செலவும் இல்லை. எவ்வளவு பவுண்டு அடிக்கலாம் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சாகியிருக்கிறது. அந்த உச்ச அளவுக்கு மேல் போகக்கூடாது. ஆனால் வாரக்கணக்கில் பம்பே தொடாமல் ஓட்டுவது நம்மவர்களில் பலருக்கு வழக்கம். கருப்புச் சைக்கிளின் வால்ட்யூப் ரப்பர் நைந்துபோனால் காற்று மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும்; அதை மாற்றச் சில ரூபாய் போதும். ரோடு பைக்கின் மெல்லிய டியூபில் இடமே குறைவு என்பதால் வாரம் ஒரு முறையாவது அடிக்க வேண்டும்.

டயர் கல் போல் இருந்தால்தான் வேகம் என்பதும் சரியல்ல. வழவழப்பான தளத்தில் அது ஓரளவு உண்மை. குண்டும் குழியுமான சாலையில் கல் போன்ற டயர் வண்டியையும் ஆளையும் தூக்கித் தூக்கிப் போடும். தூக்குவதற்கும் பலம் செலவாகிறது. அந்தக் காலத்துப் பந்தயக்காரர்கள் 23 மில்லி மீட்டர் டயரில் 100 பவுண்டுக்கு மேல் அடித்தார்கள். இன்று பந்தயக்காரர்களே 28, 30 மில்லி மீட்டர் டயருக்கு மாறிக் காற்றையும் குறைத்துவிட்டார்கள். சட்டத்திலும் பிரேக்கிலும் இடம் இருந்தால், நம் சாலைக்கு 28 மில்லி மீட்டர் டயர் பொருத்தம். 70 கிலோ ஆளுக்கு 70, 80 பவுண்டு காற்றுப் போதும்.

புதுச் சக்கரத்தில் "ஓட்டம் மெத்தென்று இருக்கிறது" என்று சொல்வதற்கும் டயர்தான் காரணம். பள்ளத்தில் விழும்போது டயர் பல மில்லி மீட்டர் அமுங்குகிறது. ரிம்மும் கம்பியும் மேலும் கீழும் அசைவது ஒரு மில்லி மீட்டர் கூட இல்லை. அதை இடுப்பு எப்படி உணரும்?

உயரமான ரிம்மும் கோஸ்ரீ பாலமும்

ரோடு பைக்குக்காரர்களை மயக்கும் இன்னொரு சரக்கு, அகலப் பட்டை போல உயர்ந்து நிற்கும் கார்பன் ரிம். அது காற்றைக் கிழிக்கும் என்பது பொய்யல்ல. ஆனால் காற்றோடு போராடத் தேவைப்படும் பலம் வேகத்தின் மூன்று மடிப் பெருக்கமாக ஏறுகிறது. மணிக்கு 40 கிலோ மீட்டரில் எட்டு ரூபாய் மிச்சம் என்றால், 20 கிலோ மீட்டரில் ஒரு ரூபாய்தான். மணிக்கு 40-ல் மணிக்கணக்காக ஓட்டுகிறவர்களுக்காகச் செய்த பொருள் அது. வாழக்காலா நெரிசலில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்கிறவருக்கு அதில் என்ன மிஞ்சும்?

போதாக்குறைக்கு, அந்தப் பட்டை ரிம் பக்கக் காற்றில் பாய்மரம் போல் வேலை செய்யும். வைப்பினுக்குப் போகும் கோஸ்ரீ பாலங்களில் கடற்காற்று குறுக்கே அடிக்கும்போது முன்சக்கரத்தை அது இழுக்கும். பக்கத்தில் லாரி போகும் பாலத்தில் இது விளையாட்டல்ல.

கோட்டமும் கம்பியும்

கம்பிச் சக்கரம் ஒரு விசித்திரமான பொருள். பென்சில் அளவு கூடத் தடிமன் இல்லாத கம்பிகள் ஆளையும் மூட்டையையும் தாங்குகின்றன. அவை தூண் போல் நின்று தாங்கவில்லை. முன்கூட்டியே முறுக்கி இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால் தாங்குகின்றன. கம்பிகளை ஹப்பிலிருந்து சாய்வாகக் கோக்கும் முறைக்கு இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-ல் காப்புரிமை பெற்றார். மிதிக்கும் பலத்தைச் சக்கரத்துக்கு அனுப்ப இதுவே சிறந்த முறை என்பதால் இன்றும் அதுதான் நடைமுறை.

எல்லாக் கம்பியும் ஒரே இழுப்பில் இருந்தால் சக்கரம் நெடுங்காலம் உழைக்கும். சில தளர்ந்து சில இறுகினால் ரிம் கோணும். தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் ஆடி ஆடி, கடைசியில் வளைவில் ஒடியும். விலை எவ்வளவு என்பதைவிட, கட்டியவர் கை எப்படி என்பதே சக்கரத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. கோட்டம் எடுப்பதில் கைதேர்ந்த ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், அவர் அரை மணி நேரத்தில் செய்து தருவதைப் புதுச் சக்கரம் பல சமயம் செய்யாது. கோணல் ரிம் பிரேக் கட்டையில் உரசிக்கொண்டே போவது, பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே மிதிப்பதற்குச் சமம்.

கம்பிகளின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். பழைய கருப்புச் சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 40 கம்பி போடுவது பிரிட்டிஷ் காலத்து வழக்கம். பாரம் பின்னால் என்பதால் அங்கே கம்பி அதிகம். பகட்டான ரோடு பைக் சக்கரங்களில் 20, 24 என்று குறைத்துவிடுகிறார்கள். 40-ல் ஒன்று ஒடிந்தால் வீடு வரை ஓட்டிப் போகலாம். 20-ல் ஒன்று ஒடிந்தால் ரிம் கோணிச் சட்டத்தில் உரசி, வண்டியைத் தோளில் சுமக்க வேண்டி வரலாம். ஃபோர்ட் கொச்சி வெளியிலுள்ள டோபிகானாவில் தலைமுறைகளாக உழைக்கும் தமிழ்ச் சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களைப் போல மூட்டை கட்ட வேண்டியவர் யாரும் கம்பி குறைந்த சக்கரத்தைத் தொடவே கூடாது.

ஹப்பைப் பொறுத்தவரை, நன்றாகக் கிரீஸ் போட்டுக் கோன் சரியாக இறுக்கியிருந்தால், சாதாரணப் பால்ரஸ்ஸுக்கும் உயர்ந்த பேரிங்குக்கும் கால் உணரும் வித்தியாசம் இல்லை. ஆனால் மழைத் தண்ணீர் உள்ளே போய்க் கிரீஸ் கழன்று துரு ஏறினால் கோன் அரிக்கும். பிறகு சக்கரம் ஆடும். மட்டாஞ்சேரி போன்ற கடலோரப் பகுதியில் உப்புக்காற்றும் சேர்ந்து அரிப்பை விரைவுபடுத்தும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதோடு நிறுத்தாமல், இடவப்பாதிக்கு முன் மே மாதத்தில் ஒரு முறை, துலாவர்ஷம் முடிந்து டிசம்பரில் ஒரு முறை ஓவராயில் செய்துவிட வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

இதுவரை சொன்னதைப் பார்த்தால் ரிம்மை மாற்றுவதே வீண் என்று தோன்றும். அப்படி அல்ல. ரிம்மை மாற்றுவதால் உண்மையிலேயே பெரிதாக மாறும் ஒன்று உண்டு. அதைக் கடைக்காரர் சொல்வதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. மழையில் வண்டி நிற்பதுதான் அது.

பளபளக்கும் குரோமியப் பூச்சுள்ள இரும்பு ரிம், காய்ந்திருக்கும்போது நன்றாகவே பிரேக் பிடிக்கும். நனைந்தால் ரப்பர்க் கட்டை அதன் மேல் வழுக்குகிறது. சைக்கிள் விஞ்ஞானம் பற்றி ஃபிராங்க் விட், டேவிட் கார்டன் வில்சன் இருவரும் எழுதி 1974-ல் எம்.ஐ.டி. வெளியிட்ட நூல் இத்துறையில் பெயர் பெற்றது. நனைந்த ரிம்மில் பிரேக்கின் பிடிப்பு, காய்ந்த நிலையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்குக் கூட இறங்கிவிடலாம் என்பதை அத்தகைய ஆராய்ச்சிகள் காட்டின. காய்ந்த சாலையில் 20 கிலோ மீட்டர் வேகத்திலிருந்து நான்கைந்து மீட்டரில் நிற்கும் வண்டி, மழையில் எத்தனை மடங்கு தூரம் ஓடும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். கலெக்டர் ஆபீஸ் மேட்டிலிருந்து இறங்கும்போது முன்னால் போகும் பஸ் திடீரென்று நின்றால், அந்தத் தூரம் எங்கே கிடைக்கும்?

அலுமினிய ரிம்மும் நனைந்தால் பிடிப்பை இழக்கிறது. ஆனால் இரும்பைப் போல அவ்வளவு இழப்பதில்லை. கட்டை தண்ணீரைத் துடைத்ததும் விரைவில் மீளுகிறது. துருவும் பிடிக்காது. காக்கநாட்டில் இரும்பு ரிம்மோடு மழைக்காலத்தில் மேடு இறங்குகிறவர், வேகத்துக்காக அல்லாமல் இந்த ஒரு காரணத்துக்காகவே அலுமினியத்துக்கு மாறலாம். அது வீண் செலவு ஆகாது. மாறும்போது பிரேக் கட்டையையும் அலுமினியத்துக்கு ஏற்றதாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பழைய கருப்புச் சைக்கிளில் கம்பி பிரேக், ரிம்மின் உட்பக்கத்தை அழுத்துகிறது. ரிம்மின் இரு பக்கச் சுவர்களையும் கவ்வும் பிரேக்குக்காகச் செய்த அலுமினிய ரிம்மை அதில் போட்டால் பிரேக் பிடிக்காது; பிரேக்கையும் மாற்ற வேண்டிவரும். அடுத்தது, மழைச் சேற்றிலுள்ள மணல் அலுமினியத்தைத் தேய்க்கும். ரிம்மின் பக்கச் சுவர் உட்குழிந்து தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். கார்பன் ரிம்மில் கட்டை பிரேக் வைத்த வண்டி மழையில் அலுமினியம் அளவுக்கு நிற்காது. தட்டு பிரேக் உள்ள வண்டிக்கோ இந்தப் பேச்சே வேண்டாம். அங்கே நிறுத்துவது தட்டு, ரிம் அல்ல.

ரிம் மாற்ற இப்போது வசதி இல்லையென்றாலும், மழையில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு ரிம்மிலுள்ள தண்ணீரைத் துடையுங்கள். பிறகு அழுத்துங்கள். இறக்கத்தில் முதலிலிருந்தே மெதுவாக வாருங்கள்.

அளவு தெரியாமல் வாங்காதீர்கள்

சக்கர வியாபாரத்தில் ஏமாற்றத்தைவிடக் குழப்பமே அதிகம். "28 அங்குலம்" என்று கேட்டு வாங்கினால் இரண்டு விதமான ரிம் வரும். கருப்புச் சைக்கிளின் 28-க்கு டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 635 மில்லி மீட்டர். ரோடு பைக்கின் "700 சி" என்ற அளவுக்கு 622. பார்வைக்கு ஒன்று போலிருக்கும். ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறாது. "26"-லும் அப்படியே. பழைய 26 × 1⅜ டயருக்கு 590. மலைச் சைக்கிளின் 26-க்கு 559.

ஆகவே அங்குலத்தை மறந்துவிட்டு, டயரின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் இருக்கும் எண்ணைப் படியுங்கள். 28-622 என்றிருந்தால் அகலம் 28 மில்லி மீட்டர், விட்டம் 622. அந்த இரண்டாவது எண் பொருந்தினால்தான் பொருந்தும். ரோடு பைக் என்றால் பின் ஹப்பின் அகலம், பல்சக்கரங்களின் எண்ணிக்கை, பிரேக் வகை மூன்றையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். முடிந்தால் வண்டியையே கொண்டு போங்கள்.

எந்த வரிசையில் செலவு செய்வது?

முதலில் காற்று, அதற்குச் செலவே இல்லை. இரண்டாவது, கோட்டம் எடுத்து, ஹப்பைத் திறந்து கிரீஸ் போட்டு, பிரேக் கட்டையைப் பார்ப்பது. மூன்றாவது, நல்ல டயரும் டியூபும். இந்த மூன்றையும் செய்த பிறகும் கையில் பணம் இருந்தால், நான்காவதாக ரிம். இரும்பு ரிம் வைத்திருப்பவர்கள் மட்டும் மழைக்காலத்தை நினைத்து அதை முன்னுக்குக் கொண்டு வரலாம். அலுமினிய ரிம் ஏற்கனவே உள்ள ரோடு பைக்குக்காரர், அது தேய்ந்தோ கோணியோ போகும் வரை மாற்ற வேண்டியதில்லை. மாற்றும்போது எடையை மட்டும் பார்க்காமல் கம்பி எண்ணிக்கையைப் பாருங்கள். 28-க்கும் 32-க்கும் குறையாமல் வாங்குங்கள்.

அப்படியானால் புதுச் சக்கரம் போட்ட நண்பர் வண்டி பறக்கிறது என்றாரே, அவர் பொய் சொன்னாரா? இல்லை. புதுச் சக்கரத்தோடு அவருக்குப் புது டயர் வந்தது, நிறையக் காற்று வந்தது, புதுக் கிரீஸ் வந்தது, கோட்டம் போனது. நான்கும் சேர்ந்து செய்த வேலைக்குப் பெயரை ரிம் தட்டிக்கொண்டு போயிற்று.

சந்தேகம் இருந்தால் சோதனை செய்து பாருங்கள். ஞாயிறு அதிகாலையில், வண்டி நடமாட்டம் இல்லாத சிறு இறக்கம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். குறிப்பிட்ட ஓரிடத்திலிருந்து மிதிக்காமல் வண்டியை விடுங்கள். சமதரையில் எங்கே நிற்கிறதோ, அங்கே ஒரு சுண்ணாம்புக் கோடு போடுங்கள். மூன்று முறை செய்யுங்கள். பிறகு காற்றடித்து, கிரீஸ் போட்டு, கோட்டம் எடுத்து மறு ஞாயிறு அதே இடத்தில் விட்டுப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் காலால் அளந்த பிறகு, மேற்கொண்டு செலவு வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.